வெளிய நின்ன நேரத்துக்கு யாரு கணக்கு சொல்றது?

போன இதழ்ல ஒருத்தர் "போலீஸ் பண்ற தப்புலயே பெரிய தப்பு எது"ன்னு கேட்டிருந்தாரு. லாக்கப்புல அடிக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச தப்பு, ஆனா உள்ள போக வேண்டிய நேரத்துல போகாம வெளிய நிக்கிறதும் அதே அளவு தப்புதான், அமெரிக்காவுல யுவால்டி ஸ்கூல்ல நடந்தத பாருங்கன்னு ரெண்டு வரி எழுதியிருந்தேன். அந்த ரெண்டு வரிக்கு வந்த லெட்டரும் வாட்ஸ்அப்பும் ரொம்ப ஜாஸ்தி, அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே எடுத்துக்கிட்டேன், மத்த கேள்வி அனுப்புனவங்க கொஞ்சம் பொறுத்துக்கங்க. புதுசா படிக்கிறவங்களுக்காக, நான் மதுரைப் பக்கம் கான்ஸ்டபிளா சேந்து எஸ்ஐயா ரிட்டயர் ஆனவன்.

கேள்வி: ஐயா, என் மகன் குடும்பம் டெக்சாஸ்ல இருக்கு, பேத்தி ரெண்டாங் கிளாஸ். ஸ்கூல்ல லைட்ட அணைச்சுட்டு சத்தம் போடாம மூலையில உக்கார பழக்குறாங்களாம், வீடியோ கால்ல எனக்கு செஞ்சு காட்டுறா. யுவால்டி பத்தி மகன்கிட்ட கேட்டேன், "அது வேணாம்மா"ன்னு போன வச்சுட்டான். அத்தன போலீஸ் இருந்தும் எப்படி உள்ள போகாம இருந்தாங்க? (ரிட்டயர்டு டீச்சர், திருநகர்)

டீச்சரம்மா, பேத்தி செஞ்சு காட்டுறான்னு நீங்க எழுதுன இடத்துலயே நான் கொஞ்ச நேரம் நின்னுட்டேன். சொல்றேன். 2022 மே 24, யுவால்டிங்கிறது டெக்சாஸ்ல ஒரு 15,000 பேர் இருக்கிற சின்ன ஊரு, அங்க ராப் எலிமெண்டரி ஸ்கூல். காலைல 11.33க்கு 18 வயசுப் பையன் ஒருத்தன் துப்பாக்கியோட உள்ள போறான். ஒண்ணு மறைக்காம சொல்லிருவோம், முதல்ல வந்த போலீஸ்காரங்க சீக்கிரமே வந்துட்டாங்க, மூணு நிமிஷத்துக்குள்ள வராண்டாவுல ஓடி அவன் புகுந்த கிளாஸ் ரூம் பக்கம் வரைக்கும் போனாங்க. உள்ள இருந்து சுட்டதும் பின்வாங்கினாங்க பாருங்க, அதோட எல்லாம் நின்னு போச்சு. கதவத் திறந்து அவன சுட்டது 12.50க்கு. 77 நிமிஷம். உள்ள 19 பிள்ளைங்க, 2 டீச்சர் செத்துப் போனாங்க. வெளியிலயும் வராண்டாவுலயுமா கடைசியா வந்து சேந்த போலீஸ் 376 பேரு, ஸ்கூல் போலீஸ், டவுன் போலீஸ், மாநிலப் போலீஸ், பார்டர் படை எல்லாம் சேத்து.

ஏன் போகலன்னா, இது ஒருத்தன் சுட்டுக்கிட்டே இருக்கிற கேஸ் இல்ல, ரூமப் பூட்டிக்கிட்டு உள்ள உக்காந்திருக்கிற கேஸ், அவசரமில்லன்னு அவிங்களா முடிவு பண்ணிக்கிட்டாய்ங்க. உள்ள பிள்ளைங்க இருக்கு, அதுல ஒரு சின்னப் பொண்ணு 911க்கு போன் போட்டு போலீஸ அனுப்புங்கன்னு கெஞ்சிக்கிட்டு இருக்கு, வராண்டாவுல நிக்கிறவன் சாவி தேடிக்கிட்டு இருக்கான். அந்தக் கதவு பூட்டியே இருக்கலங்கிறதுதான் பின்னாடி மாநிலப் போலீஸ் தலைவரே சொன்னது, கைப்பிடிய ஒருத்தரும் திருகிப் பாக்கல. ஸ்கூல் போலீஸ் சீஃப் அரடாண்டோதான் அங்க பொறுப்பு எடுத்திருக்கணும், அவரு வாக்கி டாக்கி கூட எடுத்துட்டுப் போகல, கேட்டா நான் கமாண்டர்னு நினைக்கவே இல்லன்னாரு. எங்க பாஷையில சொன்னா ஸ்பாட்ல ஆபீசர் நிறைய, ஆர்டர் போட ஆள் இல்ல. நான் சர்வீஸ்ல கண்ட பெரிய ஆபத்தே அதுதான், ரெண்டு பேர் இருந்தா ஒருத்தன் போவான், இருநூறு பேர் இருந்தா எவனும் போக மாட்டான், வேற யாரோ பாத்துக்கிறாங்கன்னு ஒவ்வொருத்தனும் நினைப்பான்.

இன்னொண்ணு என்னால தாங்க முடியாதது. வெளிய வந்து நின்ன பெத்தவங்கள போலீஸ் புடிச்சுத் தள்ளியிருக்கு, விலங்கு மாட்டியிருக்கு. உள்ள குண்டடிபட்ட டீச்சர் ஒருத்தங்களோட வீட்டுக்காரரே ஸ்கூல் போலீஸ்காரர், மனைவி போன்ல சொல்லிட்டாங்க, அவரு போகப் பாத்தாரு, அவர்கிட்ட இருந்த துப்பாக்கிய வாங்கிக்கிட்டு வெளிய அனுப்பிட்டாங்க.

தெரியாம நடந்ததுன்னு சொல்லவும் வழியில்ல. 1999ல கொலம்பைன் ஸ்கூல்ல இதே மாதிரி போலீஸ் வெளிய வளைச்சு நின்னு ஸ்பெஷல் டீமுக்குக் காத்திருந்துச்சு, உள்ள ஒரு டீச்சர் மணிக்கணக்கா ரத்தம் போயி இறந்தாரு, ஒருத்தர் ரத்தம் போயி செத்துக்கிட்டு இருக்காருன்னு அட்டையில எழுதி ஜன்னல்ல வச்சாங்க பசங்க. அதுக்கப்புறம்தான் அங்க விதியவே மாத்துனாங்க, காத்திருக்காத, முதல்ல வந்தவன் உள்ள போ, சுடுறவன நிறுத்துன்னு. யுவால்டி ஸ்கூல் போலீசுக்கு அந்தப் பயிற்சி நடந்தது அதே 2022 மார்ச்சுல, ரெண்டு மாசம் முன்னாடி.

பேத்திகிட்ட இது எதையும் கேக்காதீங்கம்மா, அவ செஞ்சு காட்டும்போது கூட உக்காந்து பாருங்க போதும்.

கேள்வி: அண்ணே, இவ்வளவு நடந்ததுக்கு எத்தன பேர ஜெயில்ல போட்டாய்ங்க? (மேலூர்)

அரடாண்டோவ வேலைய விட்டுத் தூக்கினாங்க, 2022 ஆகஸ்ட்ல. 376 பேர்ல கிரிமினல் வழக்குன்னு போட்டது ரெண்டே ரெண்டு பேர் மேல, அதுவும் 2024 ஜூன்ல, ரெண்டு வருஷம் கழிச்சு. 2018ல பார்க்லேண்ட் ஸ்கூல்ல 17 பேர் செத்தப்ப வெளியவே நின்ன காவல் அதிகாரி மேலயும் கேஸ் நடந்துச்சு, 2023ல ஜூரி அவர விடுதலை பண்ணிருச்சு. ஒருத்தன் பண்ணுனதுக்குத் தண்டிக்கிறதுக்கு சட்டம் தெளிவா இருக்கு தம்பி, பண்ணாம நின்னதுக்குத் தண்டிக்கிறதுக்கு எந்த ஊர்லயும் சட்டம் தடுமாறுது.

ஆனா ஒரு விஷயம் அங்க நடந்துச்சு, அத ஒத்துக்கணும். முதல் நாள்ல சொன்ன கதை என்ன தெரியுமா, போலீஸ் வேகமா செயல்பட்டுச்சு, இல்லாட்டி இன்னும் மோசமாகியிருக்கும்னு கவர்னரே மேடையில பேசுனாரு. சில நாள்லயே அது சாயம் போச்சு, என்னைய தப்பா நம்ப வச்சுட்டாங்கன்னு அவரே சொன்னாரு. எப்படிப் போச்சு? வராண்டா கேமரா, போலீஸ்காரங்க சட்டையில இருந்த கேமரா, 911 போன் ரெக்கார்டு, இதையெல்லாம் பத்திரிகைக்காரங்களும் பெத்தவங்களும் விடாம கேட்டு வாங்குனாங்க. டெக்சாஸ் சட்டசபைக் கமிட்டி ரெண்டு மாசத்துக்குள்ள ரிப்போர்ட் குடுத்துச்சு, மத்திய நீதித்துறை 2024 ஜனவரியில நிமிஷ வாரியா பெரிய ரிப்போர்ட் போட்டுச்சு. 376ங்கிற நம்பர் நமக்குத் தெரியுறதே அந்த முதல் ரிப்போர்ட்டாலதான்.

நம்ம பக்கம் சாத்தான்குளத்துல 2020ல அப்பாவும் மகனும் செத்த கேஸ் ஞாபகம் இருக்கும், மதுரை ஐகோர்ட் கிளை தானா எடுத்து விசாரிச்சது. மாஜிஸ்ட்ரேட் ஸ்டேஷனுக்குப் போயி பாத்தா சிசிடிவி பதிவு தினமும் தானா அழியுற மாதிரி செட் பண்ணி வச்சிருந்தாங்க, அதுல எவ்வளவோ நாள் பதிவு வைக்க இடம் இருந்தும். கடைசியில அந்த ஸ்டேஷன்ல இருந்த பெண் ஏட்டு ஒருத்தங்க துணிஞ்சு சாட்சி சொன்னதாலதான் கேஸ் நிலைச்சு நின்னுச்சு. அதே 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் எல்லா ஸ்டேஷன்லயும் கேமரா வைக்கணும், பதிவ 18 மாசம் வச்சிருக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. உங்க மேலூர் ஸ்டேஷன்ல கேமரா ஓடுதான்னு ஆர்டிஐ போட்டுக் கேளுங்க, கேக்குறது உங்க உரிமை.

கேள்வி: அண்ணே, நான் ரிசர்வ் லைன்ல குடியிருக்கேன், வீட்டுக்காரர் ஆயுதப்படை. எல்லாரும் போலீஸ திட்டுறீங்க. குண்டு துளைக்காத சட்டை இல்லாம, சரியான துப்பாக்கி இல்லாம என் வீட்டுக்காரர உள்ள போன்னு சொல்வீங்களா? எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க.

தங்கச்சி, உன் கேள்விக்குத்தான் நான் ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டேன், என் வீட்டுலயும் இதே கேள்விய கேட்டிருக்காங்க. சும்மா வீரம் பேசி உன் மனச நோகடிக்க மாட்டேன். 2008 மும்பைத் தாக்குதல்ல ரயில்வே ஸ்டேஷன்ல நின்ன போலீஸ்காரங்க கையில இருந்தது பழைய 303 ரைஃபிள், எதிர்ல வந்தவன் கையில ஏகே 47, அங்க தப்பு நின்ன ஏட்டு மேல இல்ல, அவனுக்குப் பயிற்சியும் சாமானும் குடுக்காத மேலிடத்து மேல. அதே ராத்திரி கிர்காவ் சௌபாத்தில துக்காராம் ஓம்ப்ளேன்னு ஒரு உதவி எஸ்ஐ, வெறுங்கையோட போயி கசாப்போட துப்பாக்கிக் குழலப் புடிச்சாரு, குண்டு முழுசும் அவர் மேல பாஞ்சுச்சு, விடல. அவர நினைச்சா இன்னும் எனக்குத் தொண்டை அடைக்கும், ஆனா ஒவ்வொரு ஏட்டும் ஓம்ப்ளே மாதிரி சாகணும்னு ஒரு அரசாங்கம் எதிர்பாத்துச்சுன்னா அது அயோக்கியத்தனம்.

யுவால்டி அப்படியில்ல. அங்க ரைஃபிள் இருந்துச்சு, கவசம் இருந்துச்சு, குண்டு தடுக்கிற கேடயமும் ஒண்ணொண்ணா வந்து சேந்துச்சு, ஆள் இருந்தாங்க, அப்பவும் போகல. இத பக்கத்துல வச்சு அமெரிக்காவுலயே நாஷ்வில்ல பாரு, 2023 மார்ச் 27, அதுவும் ஸ்கூல்தான், 3 பிள்ளைங்க 3 பெரியவங்க செத்தாங்க, ஆனா வந்த போலீஸ் வாசல்ல நிக்கல, ஒவ்வொரு ரூமா தேடிக்கிட்டே சத்தம் வந்த மாடிக்கு ஓடுனாங்க, முதல் போன் வந்து 14 நிமிஷத்துல முடிச்சுட்டாங்க. அவங்களுக்கும் வீட்டுல பிள்ளைங்க உண்டு. அதனால உன் வீட்டுக்காரருக்காக நீ கேக்க வேண்டியது வருஷா வருஷம் ஒழுங்கான ஃபயரிங் பிராக்டீஸ், நல்ல கவசம், ஸ்பாட்ல யாரு சொன்னத கேக்கணும்னு தெளிவான ஆர்டர். இத கேட்டா உன்ன யாரும் போலீசுக்கு எதிரின்னு சொல்ல முடியாது.

கேள்வி: நம்ம ஊர்ல ஸ்கூல்ல புகுந்து சுடுறவன் எவன் இருக்கான்? இங்க சுட்டதே போலீஸ்தான். பெருங்காமநல்லூர்ல இருந்து தூத்துக்குடி வரைக்கும் அதான் கதை. அமெரிக்காக்காரன் கதை நமக்கு எதுக்கு? (செல்லூர்)

கோவம் நியாயம்தான். 1920 ஏப்ரல் 3 பெருங்காமநல்லூர்ல குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு ரேகை வைக்க மாட்டோம்னு நின்ன சனங்கள சுட்டான் வெள்ளைக்காரன் போலீஸ், மாயக்காள்ங்கிற அம்மாவும் அதுல செத்துப் போனாங்க. 2018 மே 22 தூத்துக்குடியில ஸ்டெர்லைட் போராட்டத்துல 13 பேர். அருணா ஜெகதீசன் கமிஷன் 2022ல ரிப்போர்ட் குடுத்து, 17 போலீஸ்காரங்க மேலயும் அப்ப இருந்த கலெக்டர் மேலயும் நடவடிக்கை எடுக்கச் சொல்லுச்சு, ஓடிக்கிட்டு இருந்தவங்கள சுட்டிருக்காங்கன்னும் சொல்லுச்சு. அந்த ரிப்போர்ட் மேல எவ்வளவு நடந்துச்சுன்னு நீங்களே பாத்துக்கிட்டுத்தான இருக்கீங்க, பிள்ளையப் பறிகொடுத்தவங்க இன்னும் கோர்ட் படி ஏறிக்கிட்டு இருக்காங்க.

ஆனா அண்ணே, சும்மா நின்ன கதையும் நம்மகிட்ட இருக்கு, மதுரையிலயே இருக்கு. 2007 மே 9, தினகரன் ஆபீஸ். கருத்துக்கணிப்பு போட்டதுக்கு கும்பலா வந்து பெட்ரோல் குண்டு வீசுனாங்க, உள்ள வேலை பாத்த 3 பேர் செத்தாங்க, கட்சிக்காரங்க கிடையாது, வேலைக்கு வந்தவங்க. பட்டப்பகல்ல, போலீஸ் அங்க இருக்கும்போதே. சிபிஐ விசாரிச்சது, கீழ்க்கோர்ட் 2009ல 17 பேரையும் விடுதலை பண்ணுச்சு. 2019 மார்ச்சுல ஐகோர்ட் மதுரைக் கிளை அத திருப்பி 9 பேருக்கு ஆயுள் தண்டனை குடுத்துச்சு, அதோட அன்னைக்கு பொறுப்புல இருந்த போலீஸ் அதிகாரி ஒருத்தரையும் குற்றவாளின்னு சொல்லுச்சு. 12 வருஷம் ஆச்சு, இருந்தாலும் சும்மா நின்னது குத்தம்னு ஒரு கோர்ட் நம்ம ஊர்ல சொல்லியிருக்கு. மேலவளவு? 1997 ஜூன் 30, பஞ்சாயத்து தலைவர் முருகேசனையும் கூட வந்தவங்களையும் பஸ்ஸ மறிச்சு வெட்டுனாங்க. ஒரு பட்டியல் சாதிக்காரர் அங்க தலைவரா உக்காந்தா என்ன ஆகும்னு மாசக் கணக்கா ஊருக்கே தெரியும், தேர்தலே எத்தன தடவ நின்னு போச்சு. போலீசுக்கு மட்டும் தெரியாதா? அந்த உயிருக்கெல்லாம் காவல் குடுக்க வேண்டியது யாரு வேலை? இத கேக்குறதுக்குத்தான் யுவால்டி கதைய எடுத்தேன், அந்தப் பெத்தவங்க நிமிஷக் கணக்கு கேட்டாங்க, நாம வருஷக் கணக்குக் கூட கேக்கல.

கேள்வி: சார், நான் லா படிக்கிறேன். போலீஸ் காப்பாத்தியே ஆகணும்னு சட்டத்துல இருக்கா? (நாகமலை புதுக்கோட்டை)

அமெரிக்காவுல இல்லன்னே அவங்க சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. 2005 தீர்ப்பு, கேசில் ராக். பிரிஞ்சு போன புருஷன் கோர்ட் தடைய மீறி மூணு பொம்பளப் பிள்ளைங்களத் தூக்கிட்டுப் போயிட்டான், தாய் ராத்திரி முழுக்க போலீசுக்குப் போன் பண்ணுனாங்க, ஸ்டேஷனுக்கே போனாங்க, யாரும் அசையல, மூணு பிள்ளையும் செத்துச்சு. போலீஸ் வந்தே ஆகணும்னு உரிமையா கேக்க முடியாதுன்னு தீர்ப்பு. படிச்சுப் பாரு தம்பி, மனசு ஆறாது.

இங்க பிஎன்எஸ்எஸ் 168 பாரு, பழைய சிஆர்பிசி 149. பிடியாணை இல்லாம கைது பண்ணக்கூடிய குற்றத்த ஒவ்வொரு போலீஸ் அதிகாரியும் தன்னால முடிஞ்ச அளவு தடுத்தே ஆகணும்னு இருக்கு, விருப்பப்பட்டா தடுக்கலாம்னு இல்ல. ஆனா தடுக்கலன்னா என்னங்கிற இடத்துலதான் ஓட்டை. டிபார்ட்மெண்ட்ல 3(பி) சார்ஜ், அதாவது ஒழுங்கு நடவடிக்கை நோட்டீஸ் குடுப்பாங்க, கொஞ்ச நாள் சஸ்பெண்ட், அப்புறம் வேற ஸ்டேஷன். 2006ல பிரகாஷ் சிங் கேஸ்ல சுப்ரீம் கோர்ட், போலீஸ் மேல வர்ற புகார விசாரிக்க தனி ஆணையம் வைங்க, ரிட்டயர்டு நீதிபதி தலைமையில வைங்கன்னுச்சு. தமிழ்நாட்டுல 2013ல சட்டம் போட்டாங்க, மாநிலத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர், மாவட்டத்துக்குக் கலெக்டர். போலீசே உள்துறைக்குக் கீழதான இருக்கு, அப்புறம் அவரே விசாரிச்சா எப்படி?

வெளிநாட்டுல இந்த மாதிரி விசாரணைய ஒழுங்கா பண்ணுன நாடுன்னா நார்வே. 2011 ஜூலை 22, உட்டோயா தீவுல ஒருத்தன் 69 பேர சுட்டுக் கொன்னான், அதுல நிறைய பேர் சின்னப் பசங்க. போலீஸ் வந்த ரப்பர் படகு ஆளும் சாமானும் தாங்காம நின்னு போச்சு. அதுக்கு முன்னாடி ஆஸ்லோவுல குண்டு வச்சப்பவே அவன் வண்டி நம்பர ஒருத்தர் போன்ல குடுத்திருந்தாரு, அது துண்டுச் சீட்டா மேசையில கிடந்துச்சு. இத்தனையும் வெளிய வந்தது அரசாங்கமே வச்ச கமிஷனால, தலைமை ஒரு பெண் வக்கீல், போலீஸ்காரர் இல்ல. ஒரு வருஷத்துல ரிப்போர்ட், அது வந்த சில நாள்ல தேசியப் போலீஸ் தலைவர் ராஜினாமா.

கேள்வி: பக்கத்து வீட்டுத் தகராறுல அருவாளோட வந்தப்ப மூணு தடவ போன் போட்டேன், ஸ்டேஷன்ல இருந்து யாரும் வரல, மறுநாள் போனா ரெண்டு பேர் மேலயும் கேஸ் போடுவோம்னு மிரட்டுறாங்க. என்ன செய்யிறது? (வாடிப்பட்டி)

அடுத்த தடவ 112க்கு அடிங்க, அங்க ஒவ்வொரு போனும் நேரத்தோட பதிவாகும். இப்ப உங்க போன்ல இருக்கிற கால் லிஸ்ட்ட ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க, அழிச்சிராதீங்க. புகார எழுதிக் குடுத்து சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகார் வாங்கிக்கிட்டோம்னு ஸ்டேஷன்ல குடுக்கிற சீட்டு, வாங்குங்க. எஃப்ஐஆர் போட மறுத்தா அதே புகார எஸ்பிக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க, அங்கயும் நடக்கலன்னா மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல மனு போடலாம். போட வேண்டிய கேஸ்ல எஃப்ஐஆர் போட்டே ஆகணும்னு 2013ல லலிதா குமாரி தீர்ப்பு இருக்கு. மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம், ஆனா சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள்ள எழுதணும், அது முக்கியம். அந்த ஆணையம் சொல்றத அரசாங்கம் கேட்டே ஆகணும்னு 2021ல சென்னை ஐகோர்ட் மூணு நீதிபதி பெஞ்ச் சொல்லியிருக்கு. புகார்ல "தாமதமாக வந்தனர்"னு பொத்தாம்பொதுவா எழுதாதீங்க, இத்தன மணி இத்தன நிமிஷத்துக்குப் போன் பண்ணுனேன்னு எழுதுங்க.

கேள்வி: நீங்க சர்வீஸ்ல அப்படி வெளிய நின்னிருக்கீங்களா? (உசிலம்பட்டி)

நின்னிருக்கேன்.

தொண்ணூறுகள்ல, நான் கான்ஸ்டபிள், ஊர் பேரு வேணாம். சாதிக் கலவரம், கண்மாய்க்கு அந்தப் பக்கம் காலனி. ஜீப்பும் வேனுமா நாங்க பத்துப் பேரு கரையில நின்னோம், கையில லத்தி, ரெண்டு 410 மஸ்கட். ஸ்ட்ரைக்கிங் ஃபோர்ஸ் வரட்டும், அதுவரைக்கும் யாரும் எறங்கக் கூடாதுன்னு மைக்ல ஆர்டர். அங்கிட்டு பொக வருது, சத்தம் கேக்குது, எனக்கு முன்னாடி நின்ன ஏட்டையா திரும்பித் திரும்பி இன்ஸ்பெக்டர் முகத்தப் பாக்குறாரு, நான் ஏட்டையா முகத்தப் பாக்குறேன். முக்கா மணி நேரம். போனப்ப நாலு வீடு எரிஞ்சு முடிஞ்சிருச்சு, ஒரு ஆளு வாசல்ல கிடந்தான், ஆஸ்பத்திரி போற வழியில செத்துப் போனான். அவனோட அம்மா என் சட்டையப் புடிக்கல, திட்டல, "கரையில ஒங்க வண்டி வெளிச்சம் தெரிஞ்சுச்சுய்யா, இந்தா வந்துருவாகன்னு அவன்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன்"னு மட்டும் சொன்னாங்க.

ஸ்டேஷன் பதிவேட்டுல தகவல் கிடைத்தவுடன் விரைந்து சென்றோம்னு ரைட்டர் எழுதுனாரு, அதுக்குக் கீழ நாங்க பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டோம், நானும் போட்டேன். கேஸ் நடந்துச்சு, தீ வச்சவங்கள்ல சில பேர் உள்ள போனாங்க. அந்த முக்கா மணி நேரத்தப் பத்தி கோர்ட்ல கேக்கல, டிபார்ட்மெண்ட்ல கேக்கல, இத்தன வருஷத்துல என்கிட்ட கேட்டது நீங்க ஒருத்தர்தான்.